சம்மட்டிச் சரிவு

என் தம்பி ஒட்டடைக்குச்சி என்கிற குத்துச்சண்டைக்காரரை முதல் மோதலில் ஜெயித்தது கொஞ்சம் தண்ணீரால். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள், மீதிப் பேர் என் கடையில் துணி போட மாட்டார்கள். ஆனாலும் நடந்தது அதுதான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள்.

எனக்குச் சலவைக் கடை. கோட்டு, கம்பளி, ஓட்டல் திரைச்சீலை எல்லாம் வரும். வெளுத்து, நீராவி இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போடுவோம். அதை வண்டியில் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுப்பது தம்பியின் வேலை. மிச்ச நேரத்தில் டயர் குடோன் மாடியில் இருக்கும் பயிற்சிக்கூடத்தில் மணல் மூட்டையைக் குத்துவான். சுமாரான குத்துச்சண்டைக்காரன். இது என் அபிப்பிராயம் இல்லை. அவனுடைய மாஸ்டரே அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவார்: "மோசம் இல்லம்மா. இடது கை நல்லா வருது. மத்ததெல்லாம் ஆண்டவன் விட்ட வழி." அவனுக்கு 'சம்மட்டி' என்று பட்டப்பெயர் வந்ததுகூட மாடிப்படி ஏறும்போது அவன் கால் வைக்கிற சத்தத்துக்காகத்தான். அடிக்காக இல்லை.

ஒட்டடைக்குச்சி வேறு ரகம். ஆள் உயரமென்றால் அப்படி ஒரு உயரம். பார்த்தால் மூலையில் சாத்தி வைக்கலாம் போலிருக்கும், குத்தினால் எதிரில் நிற்பவரை ஸ்ட்ரெச்சரில் வைக்க வேண்டியிருக்கும். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே சண்டை போட்டவர், தோற்றதே கிடையாது. அவரோடு மோதவேண்டிய ஆள் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அமைப்பாளர்கள் டிக்கெட்டெல்லாம் விற்று முடித்திருந்தார்கள். விழுவதற்கு ஒரு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. மாஸ்டர் என் தம்பியைக் கொடுத்தார், கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

நானும் என் வீட்டுக்காரரும் போனது சண்டை பார்க்க இல்லை. முடிந்ததும் அவனை அள்ளிக்கொண்டு வர. என் வீட்டுக்காரர் பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறவர். வாய் விஷயத்தில் ஏதாவது நடந்தால் கை கொடுக்கலாம் என்று ஒரு பையில் பஞ்செல்லாம் எடுத்துவந்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு.

அதற்கு முந்தைய சண்டையில் யாரோ ரிங்கின் ஒரு மூலையில் ஐஸ் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். துடைக்க வந்தவர், துடைப்பதுபோல் நடித்துவிட்டுப் போனார். மணி அடித்தது. ஒட்டடைக்குச்சி நீளக் கையை நீட்டி நீட்டி என் தம்பியை அந்த மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கடைசிக் குத்துக்காகக் குனிந்து உள்ளே வந்தார். அந்த நேரம் பார்த்து என் தம்பியின் வலது கால் ஈரத்தில் சர்ரென்று போனது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, கயிற்றைப் பிடிக்க வலது கையை வீசினான். கயிறு கிடைக்கவில்லை. தாடை கிடைத்தது.

ஒட்டடைக்குச்சி அப்படியே மடங்கி உட்கார்ந்து, பிறகு படுத்தார். பல்லுக்கு உறையாக மாட்டுகிற மவுத் கார்டு, கடையில் வாங்கியது போலிருக்கிறது, இரண்டு முன்பல்லையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். என் தம்பி கயிற்றில் தொங்கிக்கொண்டு, தான் விழாமல் தப்பித்ததற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். குளியலறையில் வழுக்கிக் குழாயைப் பிடித்துக்கொள்கிறவனின் முகம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே முகம்தான் வந்தது. கீழே 'புலிப் பார்வை' என்று போட்டிருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் அவனே என்னைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "அக்கா, வழுக்கிருச்சுக்கா!"

மாஸ்டர் துண்டால் அவன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் வாயை மூடினார். "எதுவும் பேசாதடா. வெளிய மைக்கோட நிக்கிறாங்க."

வெளியே மைக்கோடு நின்றவர் கேட்டார்: "அந்த அடிக்கு என்ன பேர் சார்?"

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "சம்மட்டிச் சரிவு."

"எத்தனை வருஷப் பயிற்சி?"

"சின்ன வயசுலேர்ந்து."

சின்ன வயசிலிருந்தே அவன் வழுக்கி விழுகிறவன்தான் என்பதால் நானும் மறுக்க முடியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தால், மனுஷனுக்கு ஞாபகம் என்பது களிமண் என்று தோன்றும். யார் விரல் பட்டாலும் அதற்குத் தகுந்தபடி மாறிவிடுகிறது. முதல் வாரம் தம்பி கேட்கிறவர்களிடம் சிரித்து மழுப்பினான். அடுத்து, "கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்துச்சு" என்றான். கொஞ்ச நாளில் அதிர்ஷ்டம் போய்விட்டது. "அவர் உள்ள வருவார்னு தெரியும். அதுக்காகத்தான் அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றான். கூட்டிக்கொண்டு போனானாம். அடி தாங்காமல் பின்னால் போனவன்.

வண்டியை இன்னொரு ஆளிடம் கொடுத்தாயிற்று. தம்பி கடைக்கு வருவான். ஆனால் வேலைக்கு இல்லை, காட்சிக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லா பக்கத்தில் சாய்ந்து நிற்பான். கோட்டு வாங்க வருகிறவர்கள், "தம்பி, அந்தச் சரிவை ஒரு தடவை காட்டுங்களேன்" என்பார்கள். உடனே வலது காலை நீட்டிச் சறுக்கி, உடம்பைச் சாய்த்து, மேலே தொங்குகிற கோட்டின் நெஞ்சில் ஒரு குத்து. ஒருநாள் ஒரு வக்கீலின் கோட்டுப் பொத்தான் தெறித்து இஸ்திரி மேஜைக்கு அடியில் போனது. வக்கீல் கோபப்படவில்லை. அந்தப் பொத்தானைத் தைக்கக்கூடாது, அப்படியே இருக்கட்டும் என்றார். படித்தவர்.

மறுமோதல் அறிவித்தார்கள். இந்தத் தடவை அமைப்பாளர்கள் போஸ்டரில் தம்பி படத்தைப் பெரிதாகவும் ஒட்டடைக்குச்சி படத்தைச் சின்னதாகவும் போட்டார்கள். அவ்வளவு உயரமான மனுஷனைச் சின்னதாகப் போட ரொம்பச் சிரமப்பட்டிருப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒட்டடைக்குச்சி என் வீட்டுக்காரர் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். போன இரண்டு பல்லுக்குப் பதில் இரண்டு பல் கட்ட வேண்டும். அச்சு எடுக்கும் வேலை இவருடையது. உண்மையை மறைக்கத் தெரியாத மனுஷன், வாய்க்குள் அச்சு மாவை வைத்துவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க, உங்களைக் குத்தினவரு என் மச்சினன்தான்" என்று சொல்லிவிட்டார். வாய் நிறைய மாவோடு இருந்தவர் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டியிருக்கிறார்.

மாவை எடுத்ததும் முதலில் கேட்ட கேள்வி: "அந்த மூலையில தண்ணி கிடந்துச்சா சார்?"

"எனக்குப் பல்லு பத்தி மட்டும்தான் சார் தெரியும்" என்று இவர் தப்பித்துக்கொண்டார்.

"நான் வீடியோவை மெதுவா ஓட விட்டுப் பார்த்தேன். குத்துக்கு முன்னாடியே அவரு குதிகால் போகுது. கயித்தைப் பிடிக்கத்தான் கை வீசுறாரு. நான் வேற, ஆளைப் பார்க்காம, எப்போ முடிச்சிட்டு வீட்டுக்குப் போலாம்னு பார்த்துட்டு இருந்தேன். வாயைத் திறந்துட்டு உள்ள போயிட்டேன்." பிறகு, வாய்க்கு அளவெடுத்து நல்லதாக ஒரு மவுத் கார்டும் செய்து தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதை இவர் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். தம்பியும் இருந்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. எதிராளிக்கே தெரிந்துவிட்டது, இனி இந்தக் கூத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்வான் என்று நினைத்தேன்.

"பார்த்தியா? அவருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"என்ன விஷயம்?"

"நீ வழுக்கினது."

தம்பி தட்டிலிருந்து கையை எடுத்தான். "யாரு வழுக்கினா?"

"நீதான்டா. நீயே என்கிட்ட சொன்ன. என்னைக் கட்டிப்பிடிச்சு, வழுக்கிருச்சுக்கான்னு சொன்ன."

"நானா? அப்படிச் சொல்லவே இல்லையே. நீ ஏதோ மாத்திக் கேட்டிருப்ப. அங்க ஒரே சத்தம்."

விளையாடுகிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. சொந்த அக்காவே தன் வெற்றியைப் பறிக்கப் பார்க்கிறாளே என்ற வருத்தம்தான் இருந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளு சும்மா வழுக்கி அப்படி ஒரு குத்து குத்த முடியுமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். "பல்லு ரெண்டும் வேரோட வந்திருந்துச்சு மாப்ள" என்றார். இரண்டு பேருக்கும் பொதுவான பதில். இத்தனை வருஷம் அவரோடு வாழ்க்கை ஓடுவதன் ரகசியமே இதுதான்.

பயிற்சிக்கூடத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாஸ்டர் ரப்பர் பாயை விரித்து அதன்மேல் தண்ணீர் தெளித்தார். தம்பி சறுக்கிச் சறுக்கிச் சரிவு அடியைப் பழகினான். முதல் வாரம் முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். இரண்டாவது வாரம் இடுப்பு. கீழே டயர் குடோனில், மேலே யாரோ பீரோவை உருட்டுகிறார்கள் என்று புகார். ஒரு மனுஷன் தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ய இத்தனை பாடு. ஓட்டம் நின்றுபோனது. கயிறு தாண்டுவது நின்றுபோனது. கேட்டால் மாஸ்டரிடம் பதில் தயாராக இருந்தது: "முதல் ரவுண்டுல முடியப்போற சண்டைக்கு எதுக்கும்மா பத்து ரவுண்டுக்கு மூச்சு?"

"முடியலன்னா?"

"ஏம்மா அபசகுனமா பேசறீங்க?"

பாவம், அந்த மனுஷனையும் குறை சொல்லக்கூடாது. காலமெல்லாம் சுமாரான பையன்களுக்குத் துண்டு பிடித்தவரிடம் முதல்முறையாக ஒருவர் மைக்கை நீட்டியிருக்கிறார். மைக் அவ்வளவு ருசி போலிருக்கிறது.

இதற்கிடையில் நான் ஒட்டடைக்குச்சியை நேரில் பார்த்தேன். தேடிப் போகவில்லை. ஒரு கம்பெனிக்கு மேஜைத்துணி மூட்டை கொண்டுபோயிருந்தேன். புது வண்டிக்காரர் அன்றைக்கு லீவு. கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் என்று பலகை மாட்டியிருந்தது. மூட்டையைத் தரையில் வைத்து, லிஃப்டையும் என் விதியையும் திட்டிக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். கையெல்லாம் கிரீஸ். முன்பல் இரண்டு மட்டும் மற்றதைவிட வெள்ளை. என் வீட்டுக்காரர் கைவண்ணம்.

அவருக்கு என்னைத் தெரியாது. நானே சொன்னேன், இன்னாருடைய அக்கா என்று. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பார்த்தால், கையைத் துடைத்துவிட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். "வாங்கக்கா. நானும் தினமும் ஏதாவது கனமா தூக்கிட்டுப் படி ஏறணும். மேல வரைக்கும் ஓடிட்டு வரேன், நீங்க மெதுவா வாங்க."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மனுஷன் மேல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன். அக்கா கேட்கிற கேள்வியா அது? வாயில் வந்துவிட்டது.

"பயம்தான்க்கா. பல்லு தேய்க்கும்போதெல்லாம் ஞாபகம் வருது. போன தடவை பயமே இல்லாம வந்தேன், அதான் கெட்டுது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்தச் சரிவைப் பார்த்து பயம் இல்ல. உங்க தம்பியோட இடது கைக்குத்தான் பயம். போன தடவை அந்தக் கொஞ்ச நேரத்துல ரெண்டு தடவை அது என் மூக்குக்கு வந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதைப்பத்தி ஏன்க்கா யாருமே பேச மாட்டேங்கறாங்க?"

நான் வீட்டுக்கு ஓடினேன். தம்பி கண்ணாடி முன் நின்று சரிந்துகொண்டிருந்தான். நடந்ததை அப்படியே சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, நீ ரொம்ப வெகுளி. இதெல்லாம் தந்திரம். நான் சரிவை விட்டுட்டு இடது கையை வெச்சுக்கிட்டு நிக்கணும்னு உன்கிட்ட சொல்லி அனுப்பறான்."

"அவர் என்னை எதிர்பார்க்கவே இல்லடா. லிஃப்ட் குழிக்குள்ள இருந்தாரு."

"அதான் தந்திரம்" என்றான்.

உண்மையைச் சொல்லி ஒருவனை ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுமோதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரங்கு நிரம்பி வழிந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வக்கீல் பொத்தானில்லாத கோட்டோடு வந்திருந்தார். இந்தத் தடவை ரிங்குக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். சுத்தமாக, சொரசொரப்பாக, ஒரு பொட்டு ஈரமில்லாமல். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் குனிந்து விரிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை கட்டியவருக்கு மட்டும் அடிமனசில் ஒரு மூலையில் உண்மை ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது.

மணி அடித்ததும் தம்பி தானே நடந்து அந்த மூலைக்குப் போனான். ஒட்டடைக்குச்சி பின்னால் போகவில்லை. ரிங் நடுவில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வா வா என்று கையை ஆட்டினான். அவர் தலையை ஆட்டி மாட்டேன் என்றார். கூட்டம் சிரித்தது. கடைசியில் தம்பியே நடுவுக்கு வந்து சரிவைப் போட்டான். சொரசொர விரிப்பில் கால் எங்கே சறுக்கும்? ஷூ கிறீச்சென்று கத்தியது, கால் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் போனது. ஒட்டடைக்குச்சி ஒரு அடி பின்னால் வைத்தார். தம்பியின் கை காற்றைக் குத்தியது, முட்டி தரையைக் குத்தியது.

ரசிகர்கள் கைதட்டினார்கள். ஏதோ வியூகம் என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ரவுண்டு முழுக்க இதே. தம்பி சரிய, அவர் விலக, நடுவர் தம்பியைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்த. மூன்றாவது ரவுண்டில் தம்பிக்கு மூச்சு முட்டியது. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒட்டடைக்குச்சி விலாவில் குத்த ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல், திருகாணியை முடுக்குகிற மாதிரி, ஒன்று, ஒன்று, இன்னொன்று. இடது புருவம் கிழிந்து தம்பி முகத்தில் ரத்தம் இறங்கியது. என் வீட்டுக்காரர் பஞ்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காவது ரவுண்டில்தான் அது நடந்தது. சரிவதற்குக்கூடத் தெம்பு இல்லாமல் போனதால், தம்பி பேசாமல் நிமிர்ந்து நின்று இடது கையை நீட்டினான். பட்டென்று அது மூக்கில் பட்டது. திரும்பவும் நீட்டினான். திரும்பவும் பட்டது. ஒட்டடைக்குச்சி கண்ணைச் சிமிட்டினார். முதல் தடவையாகப் பின்னால் போனார். தம்பி ஒரு அடி முன்னால் வைத்து இன்னொன்று கொடுத்தான். அவர் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக என் தம்பி சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அழகாக இருந்தான். ரத்தமும் வேர்வையுமாக, அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு நின்றதைவிட ஆயிரம் மடங்கு அழகாக. ஐந்தாவது ரவுண்டின் ஆரம்பத்திலும் அதே இடது கைதான். இவன் ஜெயித்துவிடுவானோ என்றுகூட எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

அப்போது பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "சரிவு!"

இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பிறகு பத்துப் பேர். பிறகு அரங்கு முழுக்க: "சரிவு! சரிவு! சரிவு!" அவர்கள் டிக்கெட் வாங்கியது அதைப் பார்க்கத்தான். இடது கையெல்லாம் யாருக்கு வேண்டும்? ரிங் ஓரத்தில் மாஸ்டர், விரிப்பைத் தடவிப் பார்த்த அதே மாஸ்டர், தரையைத் தட்டிக்கொண்டு, "போடுடா! இப்போ போடு!" என்றார்.

"வேண்டாம்டா! இடது கை! இடது கை!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்கே அது கேட்டிருக்காது.

தம்பி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை மறக்காது. ஜெயித்துக்கொண்டிருந்தவன் முகத்தில், இவர்களை ஏமாற்றக்கூடாதே என்ற கவலை. வலது காலை நீட்டினான். உடம்பைச் சாய்த்தான். ஒட்டடைக்குச்சி அதற்காகத்தான் எத்தனையோ நாள் படி ஏறி இறங்கியிருந்தார். இந்தத் தடவை பின்னால் போகவில்லை. இவன் தலை எங்கே வந்து சேருமோ அங்கே கையைக் கொண்டுபோய் வைத்தார். அவ்வளவுதான்.

நடுவர் முழுசாக எண்ணினார். எண்ணாமலே விட்டிருக்கலாம்.

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன முதலுதவி அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. என் கடையில் வெளுக்க வேண்டிய திரை. ஒரு கட்டிலில் தம்பிக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். டாக்டர் கையைக் கழுவப் போனதும், அந்தப் பக்கக் கட்டிலில் யாரோ முனகுவது கேட்டது. திரையை விலக்கினால் ஒட்டடைக்குச்சி. அந்தக் கடைசிக் குத்தில் கை விரல் எலும்பு விட்டுப்போய், ஐஸ் பாத்திரத்தில் கையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளியே கிடந்தது.

நான் வெளியே போகலாமா என்று பார்த்தேன். தம்பி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"பேசினா வலிக்குது" என்றான் தம்பி. பிறகு பேசினான். "எப்படிண்ணா? போன தடவையும் நீங்கதான், நானும்தான். ஆளு மாறலையே."

அவர் ஐஸுக்குள் கையைத் திருப்பி வைத்துக்கொண்டார். "ஆளு மாறிட்டமே தம்பி. போன தடவை நீங்க என்னையே பார்த்துட்டு இருந்தீங்க. பயத்துல கண்ணைச் சிமிட்டக்கூட இல்ல. நான்தான் உங்களைப் பார்க்கல. இந்தத் தடவை நான் உங்களைத் தவிர வேற எதையும் பார்க்கல. நீங்க என்கூடவா சண்டை போட்டீங்க? போன தடவை எடுத்த வீடியோவோட சண்டை போட்டுட்டு இருந்தீங்க. அதுல விழறவன் எப்பவும் அதே இடத்துலதான் விழுவான். நான் எழுந்து பல்லு கட்டிட்டு வந்துட்டேன்ல?"

தம்பி மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வீங்காத கண்ணிலிருந்து தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது.

"நாலாவது ரவுண்டுல கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீங்க" என்றார் அவர். "அப்போ நான் தோத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"போன தடவை வழுக்கிருச்சுண்ணா" என்றான் தம்பி, மெதுவாக.

"தெரியும்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். இவனுக்குத் தையல் இழுத்தது, அவருக்கு மூக்கு எரிந்தது. பாதியில் விட்டுவிட்டார்கள்.

கதவு படாரென்று திறந்தது. ஒட்டடைக்குச்சியின் ஆட்கள். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். முன்னால் வந்தவர் அவர் தோளைத் தட்டி, "அண்ணா, வெளிய மைக்கோட நிக்கிறாங்க. அந்தக் கடைசி அடிக்கு 'ஒட்டடை அடி'ன்னு பேர் வெச்சாச்சு. என்னா பேர்! இனிமே எல்லாச் சண்டையிலயும் அதுதான்" என்றார்.

ஒட்டடைக்குச்சி அந்த ஆளைப் பார்த்தார், பிறகு என் தம்பியைப் பார்த்தார். ஐஸ் பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கை மரத்துப்போச்சு, இப்போ வர முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார். எவ்வளவு நாளைக்கு அப்படிச் சொல்ல முடியுமோ, எனக்குத் தெரியாது.

என் தம்பி ஏன் தோற்றான் என்பதற்கு அடுத்த வாரம் எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். விரிப்பில் ஏதோ தடவியிருந்தார்கள் என்றார் ஒருவர். நடுவர் அந்தப் பக்கத்து ஆள் என்றார் இன்னொருவர். ஷூ நிறம் சரியில்லை என்று ஒரு பேங்க் மேனேஜர் சொன்னார். சரிவில் கால் இன்னும் நாலு விரல் தள்ளிப் போயிருந்தால் சண்டையே வேறு என்றார் வக்கீல். மாஸ்டர் மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. டயர் குடோன் மாடியில் ரப்பர் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, தம்பியைக் கயிறு தாண்டச் சொன்னாராம். மனுஷன் என்னிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் துணி போட வந்தபோது, நான் கேட்காமலே, "இடது கை நல்லா வருதும்மா" என்றார்.

தையல் பிரிப்பதற்கு முன்னாலேயே தம்பி கடைக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. வந்தவன் நேராக உள்ளே போய், உறை போட்ட துணிகளைத் தோளில் அள்ளிக்கொண்டு வண்டிக்கு நடந்தான். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். கேட்டால் வம்பு.

வாசலில் ஒரு வாடிக்கையாளர் அவனை மடக்கினார். இஸ்திரிக்குக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்தவர். ஆர்வம் தாங்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. உண்மையில என்னதான் நடந்துச்சு?"

தம்பி துணியைத் தோள் மாற்றிப் போட்டான். "அவர் நல்லா சண்டை போட்டார் சார். நான் போடல."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறு எதுவும் வரப்போவதில்லை என்று புரிந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே வந்து பேன்ட்டை வாங்கி, விரித்துப் பார்த்து, மடிப்பு கோணலாக இருக்கிறது, திரும்பப் போட்டுத் தாருங்கள் என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.